நீதிபதியை ஏற்ற மறுத்த விமானி: 2022ல் கிரிபட்டியில் என்னதான் நடந்தது?

#1 கடலோடி

வணக்கம் மக்களே. நான் கப்பலில் என்ஜின் ரூம் ஆள். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு ஜெர்மன் முதலாளியின் கப்பலில் கிரிபட்டி என்ற பசிபிக் தீவு நாட்டுப் பையன்கள் நாலு பேரோடு எட்டு மாதம் ஓட்டினேன். அவர்கள் ஊரில் பெட்டியோ என்ற இடத்தில் 1967லிருந்து ஒரு மாலுமிப் பயிற்சிப் பள்ளி நடக்கிறது. அந்த ஊர்ப் பையன்கள் ஜெர்மன் கப்பல்களுக்குப் போவது பெரும்பாலும் அங்கிருந்துதான்.

அவர்களில் ஒருவன் இன்னும் தொடர்பில் இருக்கிறான். 2022 ஆகஸ்டில் அவனிடமிருந்து ஒரு செய்தி வந்தது: "எங்கள் ஊரில் இப்போது நீதிபதியைப் பிடித்து விமானத்தில் ஏற்றப் பார்க்கிறார்கள்." விளையாடுகிறான் என்று நினைத்துவிட்டேன். உண்மை. அன்றிலிருந்து கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். தெரிந்த வரைக்கும் சொல்கிறேன், சட்டம் தெரிந்தவர்கள் திருத்துங்கள்.

ஆள் பெயர் டேவிட் லாம்போர்ன். ஆஸ்திரேலியர். 1990களிலிருந்தே கிரிபட்டியோடு ஒட்டிப்போனவர், அந்த நாட்டுப் பெண்ணைக் கட்டியவர், நீண்ட காலம் அரசின் சொலிசிட்டர் ஜெனரல், அதாவது அரசுத் தரப்பு மூத்த வக்கீல். 2018ல் அவரை உயர் நீதிமன்ற நீதிபதி ஆக்கினார்கள். அதுவரை உயர் நீதிமன்றம் என்றால் தலைமை நீதிபதி ஒருவர்தான். இவர் இரண்டாவது ஆள்.

2020 பிப்ரவரியில் ஒரு மாநாட்டுக்காக ஆஸ்திரேலியா போனார். போன இடத்தில் கொரோனா. கிரிபட்டி எல்லையை இழுத்துச் சாத்திவிட்டது. அதே வருஷம் அவர் மனைவி டெஸ்ஸி லாம்போர்ன் அபெமாமா தீவிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்வாகி, நவம்பரில் எதிர்க்கட்சித் தலைவரும் ஆகிவிட்டார். அதற்குப் பிறகு நீதிபதி திரும்பி வர அனுமதி கேட்டால், முதலில் மூன்று வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடு என்றது அரசு. அவருடைய நியமன ஆணையில் காலவரையறை என்று எதுவுமே கிடையாது. சம்பளமும் நின்றது.

மீதியை அடுத்த பதிவில் போடுகிறேன், நேரம் ஆகிவிட்டது.

#2 சும்மாவந்தவன்

கிரிபட்டியா, கிரிபாட்டியா, கிரிபாஸா? முதலில் அதை முடிவு பண்ணுங்கள் சார்.

#3 கடலோடி

அவர்கள் வாயில் கிரிபாஸ். அந்த மொழியில் 'ட்' பக்கத்தில் 'இ' வந்தால் 'ஸ்' ஆகிவிடும். 'கில்பர்ட்ஸ்' என்ற பழைய பெயரை அவர்கள் நாக்குக்கு வளைத்து எழுதியதுதான் இது. 'கிறிஸ்மஸ்' தீவை எழுதுவது 'கிரிடிமாட்டி' என்று. ஜனாதிபதிக்கு அரசியல் சாசனத்திலேயே 'பெரெடிடென்டி' என்றுதான் பெயர். சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், 'பிரசிடென்ட்' வந்து நிற்கும். நம்ம ஊரில் பஸ், காபி ஆன மாதிரி.

#4 சும்மாவந்தவன்

பெரெசிடென்ஸ்! இன்றைக்கு இது போதும் எனக்கு.

#5 கடலோடி

தொடர்கிறேன். 2021ல் பில் ஹேஸ்டிங்ஸ் என்ற நியூசிலாந்துக்காரர் தலைமை நீதிபதியாக வந்தார். அவருடைய பழைய வேலை என்ன தெரியுமா? 1999 முதல் 2010 வரை நியூசிலாந்தின் தலைமைத் தணிக்கை அதிகாரி. சினிமாவுக்கு வயது வரம்பு போடுகிற ஆள். அப்புறம் அங்கே மாவட்ட நீதிபதி.

லாம்போர்ன் வழக்கு இவரிடம்தான் வந்தது. 2021 நவம்பரில் தீர்ப்பு: காலவரையறை இல்லாமல் நியமித்துவிட்டு நடுவில் ஒப்பந்தம் கேட்பது அரசியல் சாசனத்துக்கு விரோதம். அவர் பதவிக்காலத்தைக் குறைக்க அந்த வருஷம் நாடாளுமன்றத்தில் நிறைவேற்றிய சட்டத்திருத்தமும் செல்லாது.

அரசு மேல்முறையீடு போனது. அதோடு நிற்கவில்லை. 2022 மே மாதம் லாம்போர்ன் மீது நடத்தைப் புகார் என்று சொல்லி அவரை இடைநீக்கம் செய்து, விசாரிக்க ஒரு தீர்ப்பாயமும் போட்டது. அந்த இடைநீக்கத்தை எதிர்த்து அவர் வழக்குப் போட, ஜூன் 30 அன்று விசாரிக்க வேண்டியவர் ஹேஸ்டிங்ஸ். விசாரணை நாளில் நீதிமன்றத்துக்கு வந்து சேர்ந்தது ஹேஸ்டிங்ஸையே இடைநீக்கம் செய்த கடிதம். வழக்கு அப்படியே நின்றது.

ஆகஸ்டில் லாம்போர்ன் தலைநகர் இருக்கும் தராவா தீவுக்கு வந்து சேர்ந்தார். 11ஆம் தேதி நாடுகடத்த உத்தரவு. விசா நிபந்தனையை மீறினார், பாதுகாப்புக்கு அச்சுறுத்தல் என்று காரணம் சொன்னார்கள். போன்ரிக்கி விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் பிஜி ஏர்வேஸ் விமானத்தில் ஏற்றப் பார்த்தார்கள். விமானி, விருப்பமில்லாத ஆளை ஏற்றமாட்டேன் என்று சொல்லிவிட்டார். மணிக்கணக்கில் இழுபறி. இதற்கிடையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் நாடுகடத்தலுக்குத் தடை போட்டது. தடை வந்த பிறகும் அவரை உடனே விடவில்லை, மறுநாள்தான் விட்டார்கள்.

நண்பன் சொன்னதை வைத்து அந்த இடத்தை மனதில் ஓட்டிப் பார்க்கிறேன். தெற்குத் தராவா ஒரு ரிப்பன் மாதிரி நிலம். ஒரே முக்கியச் சாலை. கிழக்குக் கோடிப் பக்கம் விமான நிலையம், மேற்குக் கோடியில் பெட்டியோ, உயர் நீதிமன்றம் இருப்பது அங்கே. நடுவில் பல இடங்களில் ரோட்டில் நின்றால் இந்தப் பக்கம் கடல், அந்தப் பக்கம் காயல், இரண்டும் ஒரே பார்வையில். வாரத்துக்கு விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் வெளிநாட்டு விமானம். அன்றைக்கு நீதிபதியை விட்டுவிட்டுப் போன விமானம் போனால் போனதுதான், அடுத்தது எப்போதோ.

#6 மதுரை வக்கீல்

நல்ல இழை. நான் சிவில் பக்கம், ஆனால் காமன்வெல்த் நாடுகளின் அரசியல் சாசனங்களைப் படிப்பது ஒரு கிறுக்கு.

தேதிகள் சரி. அடுத்து நடந்தது இதைவிடப் பெரிது, அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். ஆகஸ்ட் மாதத்திலேயே மேல்முறையீட்டு நீதிமன்றம் அரசின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. அங்கே இருந்த மூன்று பேருமே ஓய்வுபெற்ற நியூசிலாந்து நீதிபதிகள்: பீட்டர் பிளான்சர்ட், ரோட்னி ஹான்சன், பால் ஹீத். செப்டம்பர் 6 அன்று மூவரையும் சேர்த்து இடைநீக்கம் செய்தார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். தலைமை நீதிபதி ஒருவர், உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர், மேல்முறையீட்டுக்கு மூவர். ஐந்து பேரும் வெளியே. கிராமத்து மாஜிஸ்திரேட் நீதிமன்றங்களுக்கு மேலே ஒரு நீதிபதிகூட வேலையில் இல்லை. 1979 ஜூலை 12ல் சுதந்திரம் வாங்கிய நாடு, சுமார் 1.2 லட்சம் பேர், அதில் பாதிக்கு மேல் தெற்குத் தராவாவில். கைதான ஒருவன் உயர் நீதிமன்றத்தில் ஜாமீன் கேட்டால் யாரிடம் கேட்பான்? நிலத் தகராறில் அப்பீல் போட்டவன் எங்கே போவான்?

நியமன ஆணை பற்றி ஒன்று. காலவரையறை எழுதாத ஆணை என்பது சாதாரண எழுத்துப் பிழை மாதிரி தோன்றும். எங்கள் தொழிலில் அதுதான் எல்லாம். கையெழுத்துப் போடும் நாளில் யாரும் அந்த வரியைப் பார்ப்பதில்லை, சண்டை வரும் நாளில் அந்த ஒரு வரிதான் மேஜைமேல் கிடக்கும். 2018ல் அரசு 'மூன்று வருஷம்' என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் இந்த இழையே இருந்திருக்காது. எழுதவில்லை. எழுதாததை 2020ல், அதுவும் மனைவி எதிர்க்கட்சிக்குப் போன பிறகு எழுதப் பார்த்தார்கள்.

#7 ஆத்தூரான்

எல்லோரும் ஒரே பக்கம் பேசுகிறீர்கள். நான் கொஞ்சம் மறுபக்கம் சொல்கிறேன், திட்டாதீர்கள்.

எதிர்க்கட்சித் தலைவரின் கணவர் உயர் நீதிமன்ற நீதிபதி. மொத்தமே இரண்டு நீதிபதிகள் உள்ள ஊர். தேர்தல் வழக்கு வந்தால், அரசுக்கு எதிரான வழக்கு வந்தால், பாதி நீதிமன்றம் எதிர்க்கட்சி வீட்டில் சாப்பிடுகிறது. இந்தியாவில் இப்படி ஒன்று இருந்தால் நாமே சும்மா இருப்போமா?

இன்னொன்று. ஐந்து நீதிபதிகளும் வெளிநாட்டுக்காரர்கள். ஆஸ்திரேலியரின் வழக்கை நியூசிலாந்துக்காரர் விசாரிக்கிறார், அதன் அப்பீலை மூன்று நியூசிலாந்துக்காரர்கள் விசாரிக்கிறார்கள். அரசு தன் அறிக்கையில் இதை நவகாலனியம் என்று சொன்னது. வார்த்தை பெரிசுதான், ஆனால் அந்த ஊர்க்காரன் காதில் அது எப்படி விழும் என்று யோசியுங்கள். வெள்ளைக்காரன் போய் நாற்பது வருஷம் ஆகியும் நம் தலைமை நீதிபதி நாற்காலியில் வெள்ளைக்காரனே உட்கார்ந்திருந்தால் நமக்கு எரியாதா?

#8 மதுரை வக்கீல்

ஆத்தூரான், திட்டவில்லை. இரண்டாவது பகுதியில் நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. முதலாவதில் பாதிதான்.

2018ல் அவரை நியமித்தபோது மனைவி அரசியல்வாதி இல்லை. அரசின் மூத்த அதிகாரி, பிறகு தைவானுக்குத் தூதர். 2019 செப்டம்பரில் கிரிபட்டி தைவானை விட்டுச் சீனா பக்கம் போனது. அதற்குப் பிறகுதான் அந்த அம்மா தேர்தலுக்கு வந்தார். நியமித்ததும் ஜனாதிபதி தனேட்டி மாமாவ் அரசுதான், துரத்தியதும் அதே அரசுதான்.

உறவு இருக்கிறதென்றால் அந்த வழக்கிலிருந்து விலகிக்கொள்ளச் சொல்லலாம். 1.2 லட்சம் பேர் உள்ள நாட்டில் எந்த உள்ளூர் நீதிபதிக்கும் மச்சான் ஒருவன் நாடாளுமன்றத்தில் இருப்பான், இன்னொருவன் சிறையில் இருப்பான். வெளிநாட்டு நீதிபதிகளைக் கூப்பிட்டதற்கு அதுவும் ஒரு காரணம். நடத்தை சரியில்லை என்றால் அதற்குச் சாசனத்திலேயே வழி உண்டு. தீர்ப்பாயம் விசாரிக்கும், நாடாளுமன்றம் தீர்மானம் போடும், அப்புறம் ஜனாதிபதி நீக்கலாம். தீர்ப்பாயத்தையும் அவர்களே போட்டுவிட்டார்களே. அது முடிவதற்குள் ஆளைப் பிடித்து விமானத்தில் ஏற்ற என்ன அவசரம்? என் உறுத்தல் அங்கேதான்.

#9 கொக்குவில் பெடியன்

வணக்கம் எல்லாருக்கும். கடலோடி அண்ணை, நல்ல விசயம் தொட்டிருக்கிறியள்.

வெளிநாட்டு நீதிபதி என்றால் வெள்ளைக்காரர் மட்டும் இல்லை, அதைச் சொல்லத்தான் வந்தனான். பிஜியில 2009இல அரசியல் சாசனத்தை ரத்துச் செய்து நீதிபதிகள் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பின பிறகு, அந்த நாற்காலிகளுக்குப் போனவர்களில கனபேர் இலங்கை நீதிபதிகள். அப்ப ஒஸ்ரேலியா, நியூசிலாந்துக்காரர் போகாமல் விட்ட இடங்கள் அவை. அதைப் பற்றி எங்கட ஆக்களுக்குள்ளேயே இரண்டு விதமாகக் கதைப்பினம். ஒரு ஆட்சி சாசனத்தைக் கிழிச்ச இடத்தில போய் இருந்து தீர்ப்புச் சொல்லலாமோ எண்டு ஒரு பக்கம். நீதிமன்றத்தைப் பூட்டி வச்சா சனம் எங்கே போறது எண்டு மற்றப் பக்கம்.

நவுரு எண்ட இன்னொரு பசிபிக் தீவு நாட்டின்ர கதை தெரியுமோ? கிரிபட்டிக்கு முதல் ஒத்திகை மாதிரி.

#10 மதுரை வக்கீல்

சொல்லுங்கள் தம்பி, அதையும் நான் எழுதத்தான் இருந்தேன்.

#11 கொக்குவில் பெடியன்

2014 ஜனவரி 19. நவுருவில மாஜிஸ்திரேட்டாகவும் உச்ச நீதிமன்றப் பதிவாளராகவும் இருந்தவர் பீற்றர் லோ எண்ட ஒஸ்ரேலியர். அரசாங்கம் இரண்டு பேரை நாடுகடத்தப் பார்க்க, அந்த ஆள் தடை போட்டவர். அரசாங்கம் அவரையே நாடுகடத்திப் போட்டுது. தலைமை நீதிபதி ஜெஃப்ரி ஈம்ஸ் அந்த நேரம் மெல்பேர்னில. அங்கேயிருந்து தொலைபேசியிலேயே தடை உத்தரவு குடுத்தார். ஒருத்தரும் கவனிக்கேல்லை, ஆளைப் பிளேனில ஏத்தியாச்சு. பிறகு ஈம்ஸின்ர விசாவையும் ரத்துச் செய்தார்கள். தலைமை நீதிபதிக்குத் தன்ர நீதிமன்றத்துக்குப் போக விசா இல்லை! மார்ச்சில பதவி விலகினார்.

அங்கே விமானம் போயிற்று. கிரிபட்டியில நிண்டுது. எனக்கு இரண்டு சம்பவத்துக்கும் இதுதான் பெரிய வித்தியாசம்.

#12 சும்மாவந்தவன்

சிரிக்க வந்த ஆள் நான், இப்போது உட்கார்ந்து படிக்கிறேன். அந்த விமானிக்கு என்ன ஆச்சு? ஹீரோ ஆக்கினார்களா?

#13 கடலோடி

ஹீரோ என்றெல்லாம் சொன்னால் அந்த ஆளுக்கே சிரிப்பு வரும் என்று நினைக்கிறேன். கப்பலிலும் இதே கதைதான். ஏறுகிற மனுஷன் மாட்டேன் என்று திமிறினால், அவனைக் கூட்டிக்கொண்டு போவதா என்பது கேப்டன் முடிவு. கரையில் எந்த அதிகாரி என்ன காகிதம் நீட்டினாலும், கேங்வே (கப்பல் ஏறும் படி) ஏறிய பிறகு பொறுப்பு கேப்டன் தலையில். நடுவானில் ஒரு ஆள் கலாட்டா பண்ணினால் பதில் சொல்வது குடியேற்ற அதிகாரி இல்லையே. அந்த விமானிக்குக் கிரிபட்டி சாசனத்தில் ஒரு வரி தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. தன் வேலைக்கான விதி தெரிந்திருந்தது.

ஆனால் ஒன்று கேட்கிறேன் வக்கீல் சார். அவர் ஏற்ற மறுத்த அந்தச் சில மணி நேரத்தில்தானே தடை உத்தரவு வந்து சேர்ந்தது? அவர் சரி என்று சொல்லியிருந்தால் உத்தரவு வரும்போது ஆள் பசிபிக் மேலே பறந்துகொண்டிருப்பார். நவுரு மாதிரியே.

#14 மதுரை வக்கீல்

ஆமாம். மறுக்க முடியாது.

நீதிமன்றத்துக்குக் கையும் காலும் கிடையாது. தாளில் எழுதும், அவ்வளவுதான். அதைக் கொண்டுபோகிற அமீனா, கதவைத் திறக்கிற காவலர், ரெஜிஸ்தரில் பதிகிற குமாஸ்தா இவர்கள்தான் உடம்பு. எங்கள் மாவட்டத்தில் ஒரு டிக்ரியை நிறைவேற்ற ஒரு அமீனாவின் பின்னால் நான் பதினான்கு மாதம் அலைந்திருக்கிறேன். தீர்ப்பு என் பையில், நிலம் எதிராளி கையில். அந்தப் பதினான்கு மாதத்துக்குப் பிறகு சட்டப் புத்தகத்தை நான் வேறு மாதிரி வாசிக்க ஆரம்பித்தேன்.

#15 அலைமகள்

ஆக்லாந்திலிருந்து எழுதுகிறேன். இங்கே கிரிபட்டிக் குடும்பங்கள் நிறைய உண்டு, எங்கள் குழந்தைகள் படிக்கும் பள்ளியிலும் இருக்கிறார்கள்.

ஆத்தூரான் சொன்ன வெளிநாட்டு நீதிபதி விஷயத்தை லேசில் தள்ள வேண்டாம் என்று எனக்குத் தோன்றுகிறது. ராபின் மில்ஹவுஸ் என்று ஒருவர். தென் ஆஸ்திரேலியாவில் அரசியல்வாதி, அட்டர்னி ஜெனரல், பிறகு நீதிபதி. அப்புறம் பல வருஷம் கிரிபட்டியின் தலைமை நீதிபதி. நடுவில் சில வருஷம் நவுருவுக்கும் அவரேதான் தலைமை நீதிபதி! அவருக்குப் பின்னால் வந்தவர் சர் ஜான் முரியா. அவர் சாலமன் தீவுக்காரர், தன் நாட்டில் தலைமை நீதிபதியாக இருந்துவிட்டு வந்தவர். அப்புறம் ஹேஸ்டிங்ஸ். பசிபிக்கில் நீதிபதி என்பது ஒரு வகையில் கப்பல் வேலை மாதிரிதான், கடலோடி அண்ணா கோபித்துக்கொள்ளக் கூடாது. ஒரு துறைமுகத்தில் இறங்கி இன்னொன்றில் ஏறுவது.

இதில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. உள்ளூர்ப் பகை இல்லாத ஆள் கிடைக்கிறார். ஆனால் அந்த ஆள் வேலை செய்ய விசா வேண்டும், பெர்மிட் வேண்டும், ஒப்பந்தப் புதுப்பிப்பு வேண்டும். மூன்றையும் தருவது யார்? எந்த அரசுக்கு எதிராகத் தீர்ப்பு எழுத வேண்டுமோ அதே அரசு. லாம்போர்ன் வழக்கில் வித்தியாசம் என்னவென்றால் அவர் வந்துபோகிற ஆள் இல்லை. வீடு, மனைவி எல்லாம் தராவாவில். அவரை விசா மீறிய வெளிநாட்டுக்காரர் என்று சொன்னதுதான் எங்கள் பக்கத்துக் கிரிபட்டி அம்மாவுக்குத் தாங்கவில்லை. "அவர் எங்கள் மனேபாவில் உட்காருகிற ஆள்" என்றார்.

#16 சும்மாவந்தவன்

மனேபா?

#17 கடலோடி

ஊர்ச்சாவடி. ஒவ்வொரு கிராமத்திலும் இருக்கும். கூரை கீழே தாழ்ந்து வந்து நிற்கும், குனிந்துதான் உள்ளே போக முடியும். உள்ளே ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி இடம், அதற்கு 'போட்டி' என்று பெயர் (அந்த ஸ் கணக்கில் வாயில் 'போஸ்'). இன்னொருவன் இடத்தில் நீ உட்கார முடியாது. பெரியவர்கள் பேசி முடிக்கும் வரை சின்னவன் வாய் திறக்கக் கூடாது. நாடாளுமன்றத்தின் பெயரே 'மனேபா நி மவுங்கடாபு'. என் நண்பன் ஆறடி ஆள், அவன் ஊர் மனேபா பற்றிப் பேசும்போது மெஸ் ரூமிலேயே தோளைக் குறுக்கிக்கொண்டு பேசுவான்.

#18 ஆத்தூரான்

அலைமகள் சொன்ன விசா விஷயத்தை நான் யோசிக்கவில்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் உள்ளூர் ஆட்களைப் படிக்கவைத்து நீதிபதி ஆக்காமல் நாற்பது வருஷம் வெளியாட்களை வைத்து ஓட்டியது யார் தப்பு?

#19 மதுரை வக்கீல்

எல்லா அரசுகளின் தப்பும்தான். ஆனால் உள்ளூர் ஆளை எப்படிக் கொண்டுவந்தார்கள் என்பதையும் பாருங்கள். 2022 இறுதியில் டெட்டிரோ செமிலோட்டாவைத் தற்காலிகத் தலைமை நீதிபதி ஆக்கினார்கள். கிரிபட்டிக்காரர், தகுதி உள்ளவர். ஆனால் அதற்கு முந்தைய நாள் வரை அவர் யார்? அரசின் அட்டர்னி ஜெனரல். லாம்போர்ன் வழக்கில் எதிர்த்தரப்பு அரசு. நீங்கள் கேட்ட உள்ளூர் நீதிபதி வந்தார், வந்த வாசல்தான் கொஞ்சம் இடிக்கிறது.

சாசனத்தில் ஒரு விசித்திரமும் உண்டு. கிரிபட்டியிலிருந்து லண்டன் பிரிவி கவுன்சிலுக்கு அப்பீல் போகலாம், ஆனால் பனாபா தீவுக்காரர்களின் உரிமை சம்பந்தப்பட்ட வழக்கில் மட்டும். பாஸ்பேட்டுக்காகத் தோண்டித் தீர்த்த தீவு அது, மக்களை பிஜிக்குக் குடியேற்றினார்கள். சுதந்திரத்தின்போது அவர்களுக்குக் கொடுத்த தனிக் காப்பு. ஐந்து நீதிபதிகளும் இடைநீக்கமான நேரத்தில் காகிதத்தில் மிச்சமிருந்த மேல் நீதிமன்றம் அது ஒன்றுதான். அதுவும் லாம்போர்னுக்கு உதவாது.

#20 கொக்குவில் பெடியன்

கடைசியில லாம்போர்னுக்கு என்ன நடந்தது?

#21 கடலோடி

இரண்டு வருஷம் இழுத்தது. நீதிபதி, ஆனால் இடைநீக்கத்தில். வீட்டில் இருக்கலாம், வழக்குக் கேட்கக் கூடாது. ஹேஸ்டிங்ஸ் ராஜினாமா செய்துவிட்டுப் போய்விட்டார். ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர் கவலை தெரிவித்தார். அதனால் தராவாவில் ஒரு கதவும் திறக்கவில்லை. 2024 மே மாதம் லாம்போர்ன் பதவியும் இல்லாமல் நாட்டை விட்டுக் கிளம்பினார். இந்த முறை விமானத்தில் தானாக ஏறினார் என்று சொல்லலாம், 'தானாக' என்பதற்கு என்ன அர்த்தம் வைத்துக்கொள்கிறீர்களோ அது.

மனைவி அரசியலில் நிற்கிறார். அந்த வருஷமே தேர்தல் வந்தது, அக்டோபரில் மாமாவ் மூன்றாம் முறையாக ஜனாதிபதி ஆனார்.

#22 அலைமகள்

பக்கத்து வீட்டு அம்மாவிடம் இன்று இந்த இழையைப் பற்றிச் சொன்னேன். 'தமிழில் எங்களைப் பற்றி எழுதுகிறார்களா' என்று ஒரே ஆச்சரியம். எங்கள் ஊர்ப் பெயரை ஒழுங்காக எழுதுகிறார்களா என்றுதான் முதல் கேள்வி.

#23 சும்மாவந்தவன்

நான் இரண்டாவது பதிவிலேயே கேட்டேனே!

#24 கடலோடி

சரி, நாளை மறுநாள் கப்பல் ஏறுகிறேன். நெட் கிடைத்தால் பார்க்கிறேன். வக்கீல் சார், மாஜிஸ்திரேட் நீதிமன்றங்களில் சட்டம் படிக்காத ஊர்ப் பெரியவர்கள் நில வழக்கு கேட்பது பற்றி நண்பனிடம் கேட்டு வைத்திருக்கிறேன். தென்னை மரம் யாருடையது என்று மூன்று தலைமுறைச் சண்டை அவன் குடும்பத்திலேயே இருக்கிறதாம். அதற்குத் தனி இழை போடுவோம்.